‘கிசு’ எனும் சொல்



இலத்தீனில் ‘கிசு’ என்பது இடங்குறிக்கும் சிறுசொல்; ‘இப்பால்’ என்பது அதன் பொருள். ‘அப்பால்’ என்பதற்குத் ‘திரான்சு’ என்பர். தமிழில் இகர அகரச் சுட்டுகள் ஆற்றும் பணியை அவ்விரண்டும் ஆற்றுகின்றன.

எவர்க்கு இப்பால்? உரோமர்க்கு! ஆல்ப்சு மலைக்குத் தெற்கே, போ ஆற்றுச் சமவெளியில் கெல்த்தியர் வாழ்ந்த நிலத்தை அவர்கள் ‘ஆல்ப்சுக்கு இப்பாலுள்ள காலியா’ என்றனர். மலைக்கு மறுபுறத்ததை ‘அப்பாலுள்ள காலியா’ என்றனர். மறுபுறத்து வாழ்ந்தோர்க்கோ தம் நிலமே இப்பால்! ஆயினும் உரோமர் இட்ட பெயரே நிலைத்தது.

1797-இல் பிரெஞ்சுப் படைத்தலைவன் நெப்போலியன் வட இத்தாலியில் நிறுவிய குடியரசும் ‘கிசால்பினா’ என்றே பெயர் பெற்றது. பாரிசிலிருந்து நோக்குவார்க்கு அஃது அப்பாலன்றோ? நிலத்தை வென்றவனும் பழம்பெயரை மாற்றினானல்லன்.

பெயரிடுவோர் நிற்கும் இடமே ‘இப்பால்’ ஆகின்றது. ஆகலின், இடப்பெயரைக் கேட்குந்தோறும், ‘இஃது எவர் நின்று நோக்கி இட்ட பெயர்?’ என வினவுக!