குவார்ட்டர்ஸ்

(அயனம்பாக்கத்தில் நடந்த பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



“பத்து நிமிஷம் பேசுப்பா, டெக்னிக்கலா எதுவும் வேண்டாம்” என்று செயலாளர் கட்டளை போட்டுவிட்டார். என்ஜினீயரிடம் அதை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன? வீட்டுக் கதைதான். சரி, ஒரு வீட்டைப் பற்றியே பேசுகிறேன். 340 அறைகள் உள்ள வீடு.

சமீபத்தில் குடும்பத்தோடு டில்லி போயிருந்தபோது ராஷ்டிரபதி பவனைச் சுற்றிப் பார்த்தோம். லட்யன்ஸ் வரைந்து கொடுத்து, வைஸ்ராய்க்காக 1929-இல் கட்டி முடித்த மாளிகை. சுமார் 70 கோடி செங்கல் என்கிறார்கள். நான் தூணையும் வளைவையும் பார்த்து வாயைப் பிளந்து நிற்க, என் பையன் கேட்டான்: “அப்பா, இது ஜனாதிபதியோட சொந்த வீடா?”

“இல்லடா, குவார்ட்டர்ஸ்” என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது.

குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும், அந்த வீடு நம்முடையது, ஆனால் நம்முடையது இல்லை. ராஜாஜி 1948-இல் கவர்னர் ஜெனரலாக அங்கே குடிபோனார். வைஸ்ராயின் பள்ளியறை அவருக்கு ரொம்பப் பெரிதாகப் பட்டது. ஒதுக்குப்புறமாக இருந்த சிறிய அறைகளுக்கு மாறிக்கொண்டார். பின்னால் வந்த ஜனாதிபதிகளும் அந்தப் பக்கத்திலேயே குடும்பம் நடத்தினார்கள்; வைஸ்ராய் அறைகள் வெளிநாட்டு விருந்தாளிகளுக்குப் போயின. நாட்டில் உணவுப் பஞ்சம் என்று தோட்டத்தில் ஒரு பகுதியில் கோதுமை விதைக்கவும் செய்தார். நம்மூர் ஆட்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் கீரைப் பாத்தி போடுவதில்லையா, அந்த மாதிரிதான்! அவருடைய பேரன் கோபாலகிருஷ்ண காந்தி அப்போது சின்னக் குழந்தை. சுமார் ஐம்பது வருஷம் கழித்து, 1997-இல், ஜனாதிபதி கே.ஆர். நாராயணனின் செயலாளராக அதே கட்டடத்துக்கு வேலைக்கு வந்தார்.

ஜனாதிபதியாக அங்கே குடிவந்த எல்லோருமே அறுபதைத் தாண்டியவர்கள். ஆகவே தொட்டில் கட்ட அவர்களுக்கு வாய்ப்பில்லை. அமெரிக்க வெள்ளை மாளிகையில் 1893-இல் ஜனாதிபதி கிளீவ்லண்டுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஒரு ஜனாதிபதியின் பிள்ளை அங்கே பிறந்தது அந்த ஒரு முறைதான். டில்லியில் தொட்டில் ஆடியது பின்கட்டில். சமையல்காரர், தோட்டக்காரர், எலக்ட்ரீஷியன், காவலர் என்று ஊழியர் குடும்பங்கள் அந்த வளாகத்துக்குள்ளேயே குடியிருக்கின்றன. உள்ளேயே பள்ளிக்கூடம், தபாலாபீஸ், ஆஸ்பத்திரி. அந்தப் பிள்ளைகளுக்கு அதுதான் சொந்த ஊர், அப்பா ரிட்டையர் ஆகும்வரை.

சாவு மட்டும் முன்கட்டுக்கும் வந்தது. 1969 மே 3. ஜாகீர் உசேனை வழக்கம்போலப் பரிசோதிக்க டாக்டர்கள் வந்திருந்தார்கள். குளியலறைக்குப் போனவர் அங்கேயே விழுந்துவிட்டார். ரோஜாச் செடிகள் என்றால் அவருக்கு உயிர். அன்றைக்கே வி.வி. கிரி தற்காலிக ஜனாதிபதி. 1977 பிப்ரவரி 11-இல் பக்ருதீன் அலி அகமது. வெளிநாட்டுப் பயணம் முடிந்து திரும்பியிருந்தவரை மாரடைப்பு கொண்டுபோனது. சட்டப்படி நாற்காலி ஒரு நாள்கூடக் காலியாக இருக்க முடியாது. அந்த வீட்டம்மாவை நினைத்துப் பாருங்கள். துக்கம் ஒரு பக்கம், பெட்டி கட்டுவது ஒரு பக்கம். ஆபிதா அகமது அம்மையார் பிறகு 1981-இல் பரேலியில் நின்று ஜெயித்து எம்.பி. ஆனார். அது தனிக் கதை.

நம் அப்துல் கலாம் ஐயாவின் சங்கதி பலருக்குத் தெரிந்திருக்கும். 2006-இல் ராமேஸ்வரத்திலிருந்து ஐம்பதுக்கும் மேற்பட்ட சொந்தக்காரர்கள் வந்து தங்கினார்கள். அறை வாடகையிலிருந்து ஒவ்வொரு கப் டீ வரைக்கும் கணக்குப் போடச் சொல்லி, சுமார் மூன்றரை லட்ச ரூபாயைத் தன் சொந்தக் கணக்கிலிருந்து கட்டினார். அவருடைய செயலாளர் பி.எம். நாயர் எழுதியிருப்பது இது. இதைப் பெருந்தன்மை என்று பலர் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இது குவார்ட்டர்ஸ் என்பதை ஐந்து வருஷமும் மறக்காத மனுஷர், அவ்வளவுதான்.

இதையெல்லாம் உங்களிடம் வந்து சொல்ல ஒரு காரணம் உண்டு. நாம் மூன்றாம் வருஷம் படிக்கும்போது என் அப்பா காலமானார். ஆவடிப் பக்கம் தொழிற்சாலை குவார்ட்டர்ஸில் இருந்தோம். கொஞ்ச நாளில் காலி செய்ய வேண்டியதாயிற்று. ஃபேன் இரண்டு, டியூப்லைட் மூன்று, குழாய் நான்கு என்று ஒருவர் எண்ணிப் பார்த்துக் கையெழுத்து வாங்கினார். அம்மா சுவரில் இருந்த ஆணி ஓட்டைகளையெல்லாம் வெள்ளை சிமெண்ட் வைத்து அடைத்தாள். யாரும் அவளை அடைக்கச் சொல்லவில்லை.

அன்றைக்கு டெம்போ பிடித்து வந்து, பீரோவையும் கிரைண்டரையும் தூக்கி, இங்கே அயனம்பாக்கம் ஏரிப் பக்கம் பார்த்த வாடகை வீட்டில் இறக்கிக் கொடுத்தது நீங்கள்தான். அந்த ஒன்பது பேரில் ஆறு பேர் இந்த ஹாலில் உட்கார்ந்திருக்கிறீர்கள். அன்றைக்கு நான் தேங்க்ஸ்கூடச் சொல்லவில்லை. அம்மா போட்டுக் கொடுத்த காப்பியை நின்றபடியே குடித்துவிட்டு, மறுநாள் இன்டர்னல் டெஸ்ட் இருக்கிறதென்று ஓடினீர்கள்.

ஒரே ஒரு சாமானை மட்டும் கழற்ற முடியவில்லை. நடு அறையில், என்னையும் தங்கச்சியையும் தூளி கட்டிப் போட்ட கொக்கி. கான்கிரீட்டிலேயே பதித்தது. எண்ண வந்தவர் அண்ணாந்து பார்த்துவிட்டு, லிஸ்டில் எழுதாமல் விட்டுவிட்டார்.

சாம்பார் ஆறுகிறது என்று கேட்டரிங்காரர் அங்கேயிருந்து கையாட்டுகிறார்.