சொல்லப்படாத ஓட்டை



கப்பலின் கீழ்த்தளத்தில் இருப்பவர்கள் தண்ணீருக்காக ஓட்டையிட முனையும்போது மேல்தளத்தார் தடுக்காவிட்டால் அனைவருமே அழிவர் என்று நபி (ஸல்) அவர்கள் உவமை கூறினார்கள் (புகாரீ). கடலோர மக்களாகிய நமக்கு இது நன்கு விளங்கும்.

1914இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் ரயில் பாலத்தில், கப்பல்களுக்காகத் திறந்து மூடும் பகுதியில் பொருத்தப்பட்டிருந்த கருவிகள் 2022 டிசம்பரில் அபாய எச்சரிக்கை தந்தன. 23ஆம் தேதி முதல் பாலத்தில் ரயில்கள் நிறுத்தப்பட்டன. 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கும்வரை பயணிகள் சிரமப்பட்டனர். எனினும் எச்சரிக்கை அலட்சியம் செய்யப்படவில்லை.

உயிரற்ற கருவி உடனே சொன்னது. நாம் சொல்கிறோமா? விசைப்படகில் வின்ச் கம்பி நைந்திருப்பதையும், ஐஸ் கம்பெனியில் அமோனியா கசிவதையும், விரல் நசுங்கியதையும், 'முதலாளி ஏசுவார், வேலை போய்விடும்' என்று மறைத்துவிடுகிறோம். இன்று மறைக்கப்பட்ட சிறு காயம், நாளை அதே இடத்தில் நிற்கும் சகோதரரின் உயிரைப் பறிக்கலாம். நாள் கடந்து சொன்னால், அது வேலையில் ஏற்பட்ட காயம் என்று நிரூபிப்பதும் கடினம். இழப்பீடின்றித் தவிப்பது நம் பிள்ளைகளே.

கண்டதைச் சொல்வது காட்டிக்கொடுப்பதன்று, அது அமானிதம். சாட்சியம் மறைக்கப்படலாகாது என்பது இறைக்கட்டளை (2:283).

முதலாளிகளே! சொல்ல வருபவரை ஏசாதீர்கள். கூலியில் கை வைக்காதீர்கள். தாய்மார்களே! காயத்தோடு வரும் மகனுக்கு மருந்திடும்போதே, 'வேலையிடத்தில் சொல்லிவிட்டாயா?' என்றும் கேளுங்கள்.

உண்மையை உரிய நேரத்தில் சொல்லும் துணிவை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.