பூட்டனார் பெயர் என்ன?

(ஆலயத் திருவிழாவின்போது ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

சென்ற ஆடி அமாவாசையன்று ஆற்றங்கரையில் முன்னோர்க்கு எள்ளும் நீரும் இறைக்க நம் அன்பர்கள் பலர் வந்திருந்தனர். குருக்கள் தந்தையார் பெயரைக் கேட்டார், சொன்னார்கள். பாட்டனார் பெயரைக் கேட்டார், பெரும்பாலோர் சொன்னார்கள். பூட்டனார் பெயரைக் கேட்டபோது வரிசை முழுவதும் மௌனமாயிற்று. நானும் அவ்வரிசையில் நின்றவன்தான். அரசாங்க அலுவலகத்தில் பிறருடைய கோப்புகளை இத்தனை ஆண்டுகளாகப் புரட்டி வருகின்ற எனக்கு, என் குடும்பத்துக்கென்று ஒரு கோப்பு இல்லையே என்பது அன்றுதான் உறைத்தது. அதன் பிறகு தேடத் தொடங்கினேன். அந்தத் தேடலில் கற்றவற்றையே இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

மொரீசியசுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றவர்களின் பதிவுகள் அங்குள்ள மகாத்மா காந்தி நிலையத்தில் காக்கப்படுகின்றன. கப்பல் பெயர், தந்தை பெயர், ஊர்ப் பெயர், சிலருக்குப் புகைப்படமுங்கூட உண்டு. நமக்கு அந்த வசதி வாய்க்கவில்லை. மலாயாவுக்கு ஒப்பந்தக் கூலி சேர்ப்பது 1910இல் நிறுத்தப்பட்டது. அதன்பின் வந்தவர்களில் மிகப் பலர் கங்காணி வழியாக வந்தவர்கள். 1938இல் இந்திய அரசாங்கம் அதனையும் தடை செய்தது. எனவே ஒரே புத்தகத்தைத் திறந்து நம் பாட்டனாரைக் கண்டுபிடித்துவிடலாம் என்று எவரும் எண்ண வேண்டாம். கோலாலம்பூரிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் சிலாங்கூர்ச் செயலகத்தின் பழைய கோப்புகள் உள்ளன. தோட்டங்களைப் பற்றி அறிய அவை பெரிதும் உதவும். ஆனால் பால்வெட்டுத் தொழிலாளியின் பெயரை அவற்றில் காண்பது அரிது.

ஆயினும் கங்காணி முறையிலேயே நமக்கொரு துப்பு இருக்கிறது. கங்காணி தம் சொந்த ஊரிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும்தான் ஆள் சேர்த்தார். ஆகவே ஒரே லயத்தில் குடியிருந்தவர்கள் பெரும்பாலும் அடுத்தடுத்த ஊர்க்காரர்களாகவே இருந்தனர். உங்கள் வீட்டில் ஊர்ப் பெயர் மறந்துபோயிருந்தால், பாட்டியுடன் ஒரே நிரையில் பால் வெட்டிய அண்டை வீட்டுக்காரரின் பிள்ளைகளைக் கேளுங்கள். என் பாட்டனாரின் ஊரை எனக்குச் சொன்னவர் உறவினர் அல்லர். அவர் பக்கத்து வீட்டுப் பெரியம்மா. இப்போது அவர் வேறொரு பட்டணத்தில் மகள் வீட்டில் இருக்கிறார்.

பெரியவர்களிடம் கேட்கும்போது, "எந்த ஆண்டு வந்தீர்கள்?" என்று தொடங்காதீர்கள். ஆண்டு அவர்கள் நினைவில் நிற்பதில்லை. "ரஜூலா கப்பலில் வந்தார்களா? வந்தபோது சப்பான்காரன் காலம் முடிந்துவிட்டதா? அப்போது யார் கிராணி?" என்று கேளுங்கள். 1926 முதல் 1973 வரை ஓடிய கப்பல் ரஜூலா. அதற்குப் பின் வந்தது எம்.வி. சிதம்பரம். நாகப்பட்டினத்தில் ஏறினார்களா, சென்னையில் ஏறினார்களா என்பதும் பிறந்த மாவட்டத்தை ஓரளவு காட்டும். ஒரே நாளில் எல்லாவற்றையும் கேட்டுவிட நினைப்பதும் தவறு. முதல் நாள் மறந்ததை மூன்றாம் நாள் காப்பி குடிக்கும்போது அவர்களாகவே சொல்வார்கள்.

அடுத்தது வீட்டிலுள்ள தகரப் பெட்டி. பாட்டனாரின் பழைய அடையாள அட்டையிலோ மரணச் சான்றிதழிலோ அவருடைய பெயரை அடுத்து நிற்பதுதானே உங்கள் பூட்டனார் பெயர்! இவ்வளவு எளிய செய்தி எனக்கே வெகுநாள் தோன்றவில்லை. தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் உறுப்பினர் அட்டை, 1951இல் தொடங்கிய ஊழியர் சேமநிதியின் தாள்கள், துன் சம்பந்தன் அவர்கள் 1960இல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பங்குச் சான்றிதழ் ஆகிய எதனையும் எறிந்துவிடாதீர்கள். ஊரிலிருந்து வந்த பழைய கடிதங்களில் உள்ளே எழுதியதைவிட வெளியேயுள்ள தபால் முத்திரை பயனுடையது. எந்தத் தபால் நிலையம் என்று அது சொல்லும். 1982 மார்ச்சு முதல் தேதிக்கு முன்னர் நம் திருமணங்களைப் பதிய வேண்டிய கட்டாயம் இல்லை. அதனால் அக்காலத் திருமணத்துக்கு அழைப்பிதழே பல வீடுகளில் ஒரே சான்று. யாருடைய பேரன், எந்த ஊர் என்பதெல்லாம் அதில் அச்சாகியிருக்கும்.

பெயர்களின் எழுத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. நம்மவர் வாயால் சொன்னதை எழுத்தர் காதில் விழுந்தபடி ரோமன் எழுத்தில் எழுதிக்கொண்டார். ழகர ளகர வேறுபாடு அதில் ஏது? வள்ளி, வல்லி இரண்டும் ஒன்றாகிவிடும். என் பாட்டனார் பெயர் மூன்று தாள்களில் மூன்று விதமாக இருந்தது. அவர் தந்தையார் பெயரையோ இரு வகையாகப் படிக்கலாம். அதைத் தீர்த்துவைத்தது, தோட்டம் மூடப்பட்டபின் வேறிடம் மாற்றப்பட்ட ஓர் ஆலயத்தின் பித்தளைத் தாம்பாளம். இன்னார் மகன் இன்னார் உபயம் என்று தமிழில் பொறித்திருந்தது. ஆலய மணி, குத்துவிளக்கு, அண்டா, உபயதாரர் பலகை ஆகியவை நம் கல்வெட்டுகள். புதுப்பிக்கும்போது பழையவற்றை எடைக்குப் போட்டுவிடும் வழக்கம் சில ஆலயங்களில் இருக்கிறது. அது எனக்கு உடன்பாடன்று.

இனி நான் சொல்லப்போவது வெறும் ஆர்வத்துக்கானது அன்று. என் அத்தை 1959இல் தோட்ட லயத்தில் பிறந்தவர். வீட்டிலேயே பிரசவம், பிறப்பைப் பதியவில்லை. வாழ்நாள் முழுவதும் சிவப்பு அடையாள அட்டையே வைத்திருந்தார். நம் அரசியலமைப்பின்படி 1957 ஆகஸ்டு 31 முதல் 1962 அக்டோபருக்கு முன்வரை இந்நாட்டில் பிறந்தவர்கள் பொதுவாகப் பிறப்பினாலேயே குடிமக்கள். ஆனால் இங்குப் பிறந்ததை மெய்ப்பிக்க அவரிடம் ஒரு தாளும் இல்லை. அவர் மறைந்து இரண்டு ஆண்டுகளுக்குப் பின், பாட்டனாரைத் தேடிக்கொண்டு, தோட்டத்தை விட்டு இடம் மாறிய ஒரு தமிழ்ப்பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேட்டைப் புரட்டினேன். அத்தையின் பெயர், பிறந்த தேதி, தந்தை பெயர், தோட்டத்தின் பெயர், லய எண் எல்லாம் அழகிய தமிழ்க் கையெழுத்தில் இருந்தன. அந்தப் பதிவேட்டை மூடிவிட்டு நெடுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அந்த ஒரு வரியே போதுமானதாக இருந்திருக்குமா என்று நான் சொல்ல முடியாது. தாமதப் பதிவுக்கு மனுச் செய்யும்போது கையில் வைக்க ஒரு சான்றாகவாவது இருந்திருக்கும். இங்கே அமர்ந்திருப்போரின் இல்லங்களில் இன்னும் சிவப்பு அட்டையுடன் பெரியவர்கள் இருந்தால், முதலில் அவர்களுக்காகப் பள்ளிப் பதிவேட்டைத் தேடுங்கள். மேரி, நைகல் கார்டனர், சுங்கை திங்கி போன்ற தோட்டங்களிலிருந்து வந்த குடும்பங்கள் நம்மிடையே இருக்கின்றன. லயங்கள் மறைந்தாலும் பள்ளிகளின் ஏடுகள் எங்கேனும் ஓர் அலமாரியில் இருக்கக்கூடும்.

தமிழ்நாட்டில் தேடுவோர் மாவட்டப் பெயரை நம்பி ஏமாற வேண்டாம். பாட்டனார் சொன்ன வட ஆர்க்காடு 1989இலும், தென் ஆர்க்காடு 1993இலும் பிரிக்கப்பட்டன. திருச்சி மாவட்டத்து ஊர்கள் பல இன்று பெரம்பலூர், கரூர், அரியலூர் மாவட்டங்களில் உள்ளன. சேலத்திலிருந்து நாமக்கல் 1997இல் பிரிந்தது. ஆகவே வட்டத்தின் பெயரையும் பக்கத்துச் சந்தை ஊரின் பெயரையும் குறித்துக்கொண்டு செல்லுங்கள். அங்கே கிராம நிருவாக அலுவலரைக் கண்டால் நிலம் இருந்த குடும்பமாயின் பட்டா வழியே ஏதேனும் கிடைக்கலாம். நிலமற்றவர்களாக வந்தோர்க்கு, அதாவது நம்மில் பலருக்கு, குலதெய்வமே வழிகாட்டி. அங்காளம்மன் என்றால் மேல்மலையனூர்ப் பக்கம், பச்சையம்மன் என்றால் வாழைப்பந்தல் பக்கம், மாசி பெரியண்ணசாமி என்றால் கொல்லிமலைப் பக்கம் என்று தேடலைத் தொடங்கலாம். இது முடிவான சான்றன்று, தொடக்கம் மட்டுமே. அந்தக் கோயில் பூசாரியிடம், "உங்கள் பங்காளிகளில் மலாயாவுக்குப் போன குடும்பம் எது?" என்று கேளுங்கள்.

குலதெய்வம் என்றதும் சாதி தெரிந்துவிடுமே என்று சிலர் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கம் எனக்கும் புரிகிறது. பட்டவர்களுக்குத்தான் அதன் வலி தெரியும். தேடிக் கண்டதையெல்லாம் ஊரறியச் சொல்ல வேண்டும் என்பதில்லை. உங்கள் பிள்ளைகளுக்காக எழுதி வையுங்கள். எதை வெளியில் சொல்வது என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

சில இடங்களில் தேடல் நின்றுவிடும். என் பாட்டியின் அண்ணன் 1943இல் சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டார், திரும்பவில்லை. பெயர் தெரியும், கல்லறை தெரியாது. குடும்பப் படத்தில் அவருக்கொரு கட்டம் போட்டு, "சயாம்" என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.

நம் ஆலயப் பண்டங்களின் எழுத்துகளைப் படியெடுக்க நிருவாகத்தினர் அன்புடன் இசைந்துள்ளனர். திருவிழா முடிந்த மறு ஞாயிறு காலைப் பூசைக்குப் பின் மடப்பள்ளித் திண்ணையில் கூடுவோம். இளைஞர்கள் நோட்டும் கைப்பேசியும் கொண்டு வாருங்கள். பெரியவர்கள் வந்து அமர்ந்து, அந்தப் பெயர்களுக்கு உரியவர் யார் என்று சொன்னால் போதும். புளி தேய்த்து விளக்குவதை நான் பார்த்துக்கொள்கிறேன்.