ஒரு மாகாணமும் இரண்டு சாலைகளும்
(பழைய மாணவர் சங்கக் கூடலில் ஆற்றிய உரை)



சிவில் படித்தவன் மேடை ஏறினால் சிமெண்ட், கம்பி என்றுதான் பேசுவான் என்று நினைத்திருப்பீர்கள். தென்கொரியாவில் இரண்டு ஆண்டுகள் சாலை வேலையில் இருந்தவன் நான். அங்கே படித்தும் கேட்டும் தெரிந்துகொண்ட ஒரு பழைய மாகாணத்தைப் பற்றிச் சொல்கிறேன். அதன் பெயர் ஜொல்லா. பின்வரிசையில் சிரிப்புச் சத்தம் கேட்கிறது! நம்ம ஊர் 'ஜொள்ளு'க்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஜொன்ஜு, நாஜு என்ற இரண்டு ஊர்களின் பெயரைச் சேர்த்து 1018-ல் வைத்த பெயர் அது.

கொரியாவின் தென்மேற்கு மூலை. நெல் விளையும் பூமி. ஹோனாம் என்றும் சொல்வார்கள். 1896-ல் இதை வடக்கு, தெற்கு என்று இரண்டாகப் பிரித்தார்கள். 1946-ல் ஜேஜு தீவு தனியாகப் போயிற்று. 1986-ல் குவாங்ஜு நகரம் தனி நிர்வாகம் ஆனது. ஆனாலும் அந்தப் பக்கத்து ஆளிடம் எந்த ஊர் என்று கேட்டால் ஹோனாம் என்று சொல்லும்போது குரலில் ஒரு அழுத்தம் இருக்கும்.

அதற்குக் காரணம் உண்டு. 1592-ல் ஜப்பான் படையெடுத்தபோது தளபதி யி சுன் சின் கப்பல்களோடு புறப்பட்டது இந்த மாகாணத்து யோசு துறைமுகத்திலிருந்துதான். நாட்டின் அரச வரலாற்றுச் சுவடிகள் நான்கு இடங்களில் இருந்தன. மூன்று எரிந்து போயின. ஜொன்ஜுவில் இருந்த படியை மட்டும் உள்ளூர்ப் படிப்பாளிகள் மலைக்குத் தூக்கிச் சென்று காப்பாற்றினார்கள். 1894-ல் வரிக் கொடுமையை எதிர்த்து டோங்ஹாக் விவசாயிகள் எழுந்ததும் இங்கேதான்.

இவ்வளவு பெருமை உள்ள ஊருக்கு நம் காலத்தில் என்ன ஆயிற்று? சியோலில் ஜொல்லாப் பேச்சைக் கேட்டால் வீடு வாடகைக்குத் தரவும் பெண் கொடுக்கவும் யோசித்த காலம் ஒன்று இருந்தது. கிழக்கே உள்ள கியோங்சாங் மாகாணத்தோடு தீராத பகை. கேட்டால், "அது பேக்ஜே, சில்லா அரசுகள் காலத்துச் சண்டை சார், ஆயிரத்து முந்நூறு வருஷத்துப் பகை" என்பார்கள். 660-ல் பேக்ஜே வீழ்ந்தது உண்மைதான். ஆனால் ஒரு கணக்கைப் பாருங்கள். கியோங்சாங்கில் பிறந்த பார்க் சுங் ஹீ 1963 அதிபர் தேர்தலில் நின்றபோது, ஜொல்லாவின் இரண்டு பகுதிகளிலும் அவருக்குத்தான் அதிக ஓட்டு! 1971-ல் ஜொல்லாவின் மகனான கிம் டே ஜுங் எதிர்த்து நின்றார். ஓட்டு கிழக்கு மேற்காகப் பிளந்தது. ஆயிரம் வருஷத்துப் பகை என்றால் 1963-ல் அது எங்கே போயிருந்தது?

இடையில் நடந்தது நம் தொழில் சம்பந்தப்பட்ட விஷயம். உல்சானில் தொழிற்பேட்டை, போஹாங்கில் உருக்காலை, குமியில் எலக்ட்ரானிக்ஸ், எல்லாம் கியோங்சாங் பக்கம். 1970-ல் சியோலிலிருந்து பூசானுக்கு 428 கிலோமீட்டர் நெடுஞ்சாலை. பூசான் வரையிலான ரயில் பாதை 1945-க்குள் இரட்டை வழி ஆகிவிட்டது. ஹோனாம் பாதை மொக்போ வரை இரட்டை வழியாக முடிந்ததோ 2003-ல். கிழக்கே ஆழமான துறைமுகம் உண்டு. மேற்கே அலை ஏற்ற இறக்கம் அதிகம், சேற்றுக்கரை. ஆகவே இன்ஜினியர் சொன்ன காரணங்கள் பொய்யல்ல. ஆனால் ஒவ்வொரு முறையும் அதே காரணம் அதே பக்கத்துக்கே சாதகமாக வந்தால், விட்டுப்போன ஜனங்கள் அதைப் பூகோளம் என்று எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பிழைப்புக்காக ஊரை விட்டுச் சியோலுக்குப் போனார்கள். போன இடத்தில் ஏச்சு வாங்கினார்கள்.

1980 மே மாதம் குவாங்ஜுவில் ராணுவ ஆட்சியை எதிர்த்த மக்களைத் துப்பாக்கியால் அடக்கினார்கள். அந்த ரத்தத்தோடு மனக்கசப்பு முற்றிவிட்டது. 1997 தேர்தலில் கிம் டே ஜுங் வென்றபோது ஜொல்லாவில் அவருக்குத் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் ஓட்டு. தமக்கு மரண தண்டனை விதித்த ஆட்சியின் தலைவர் சுன் டூ ஹ்வானுக்குப் பொது மன்னிப்பு கிடைக்க அவரே சம்மதித்தார். இது சின்ன விஷயமா?

கடைசியாக இன்னொரு சாலை. இரு பகுதிகளையும் இணைக்க, குவாங்ஜுவுக்கும் டேகுவுக்கும் இடையே 1984-ல் ஒரு நெடுஞ்சாலை திறந்தார்கள். ஒலிம்பிக் பெயரைச் சூட்டினார்கள். ஆனால் போட்டது போக ஒரு வழி, வர ஒரு வழி, அவ்வளவுதான். நடுவில் தடுப்புச் சுவர் கிடையாது. விபத்துக்குப் பேர்போன சாலை ஆயிற்று. நான்கு வழியாக அகலப்படுத்தி முடித்தது 2015-ல். ஒற்றுமை என்று பலகை எழுத ஒரு நாள் போதும். அதற்கு வேண்டிய அகலம் கொடுக்க முப்பத்தொரு வருஷம்!

தோழர்களே, நாம் வரைபடத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுகிறோம். மண் பரிசோதனை, செலவு, தூரம் எல்லாம் பார்க்கிறோம். பார்க்கத்தான் வேண்டும். அந்தக் கோடு தொடாமல் போகிற ஊர் எது, போன தடவையும் அதே ஊர்தானா என்று ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேட்போம். அந்தக் கேள்வி எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை. இந்தக் கல்லூரியில் படித்தவர்கள் கேட்டால் எனக்குப் பெருமையாக இருக்கும்.