கைப்பக்குவமும் கைப்பிடி அளவும்

கட்டுரைகளோடு வந்திருக்கும் ஆய்வாளர்களுக்கும், களத்தை அப்படியே விட்டுவிட்டு இரண்டு நாள் இங்கே உட்கார ஒப்புக்கொண்ட தொண்டு நிறுவனத் தோழர்களுக்கும், என்னைத் தலைமை தாங்க அழைத்த அமைப்புக் குழுவினருக்கும் நன்றி.

அழைப்பிதழில் ‘சமூகத் தாக்கத்தைப் பெருக்குதல்’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். தாக்கம் என்ற சொல் எனக்குக் கொஞ்சம் உறுத்தும். தாக்குவது என்றால் அடிப்பதுதானே! திட்ட அறிக்கைகளில் அது நிலைத்துவிட்டது, இனி மாற்ற முடியாது. இன்று காலை மட்டும் ‘பயன்’ என்று சொல்லிக்கொள்கிறேன். பயன் என்றதும் யாருக்கு என்ற கேள்வி தானாக வந்து நிற்கும்.

இருபது ஆண்டுகளுக்கு முன் நானும் பெருக்கப் பார்த்தவன். நான் வேலை பார்த்த அறக்கட்டளை பன்னிரண்டு ஊர்களில் மாலை நேரப் படிப்பு மையங்கள் நடத்தியது. நன்றாகவே நடந்தன. எண்ணிக்கையைக் கூட்டுங்கள் என்றார்கள் நிதி தந்தவர்கள். இரண்டே ஆண்டில் நூறைத் தொட்டோம். ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு மையத்துக்குப் போனேன். சமுதாயக்கூடம் பூட்டியிருந்தது. வருகைப் பதிவேடு பக்கத்து வீட்டில் இருந்தது. எல்லாப் பிள்ளைகளும் எல்லா நாளும் வருகை. ஒரே பேனா, ஒரே அழுத்தம், ஒரே மூச்சில் போட்ட டிக். அடுத்த வாரத்துக்கும் சேர்த்தே போட்டிருந்தது! அந்த ஆசிரியைமீது எனக்குக் கோபம் வரவில்லை. நாங்கள் அவருக்குக் கொடுத்தது ஒரு பதிவேடும் மூன்று நாள் பயிற்சியும்தான். முதல் பன்னிரண்டு ஊர்களில் நாங்கள் எதைச் செய்ததால் பிள்ளைகள் வந்தார்கள் என்பது எங்களுக்கே தெரியாதபோது, அவருக்கு எதைச் சொல்லிக்கொடுத்திருப்போம்?

குழம்புக்கு உப்பு எவ்வளவு என்று பாட்டியைக் கேட்டால், “கண்ணளவுதான், வேறென்ன” என்பார். பத்துப் பேருக்குச் சமைக்கும்வரை அந்தக் கைப்பக்குவம் போதும். தொடங்கியவரின் கைப்பக்குவத்தை, அவர் முகத்தையே பார்த்திராத ஒருவர் கையில் நிற்கும் அளவாக மாற்றுவது எப்படி என்பதுதான் இந்த இரண்டு நாளும் நம்முன் இருக்கும் கேள்வி என்று நினைக்கிறேன்.

இதைக் கையாலேயே அளந்து காட்டியவர்கள் வங்கதேசத்தில் இருக்கிறார்கள். 1972-இல் ஃபசல் ஹசன் ஆபெத் தொடங்கிய பிராக் நிறுவனம், 1980 முதல் 1990 வரை வீடு வீடாகப் போய், வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைக்குக் கரைசல் செய்யத் தாய்மார்களுக்குக் கற்றுக்கொடுத்தது. மூன்று விரலால் எடுத்த ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர். தராசு வேண்டாம், பொட்டலம் வேண்டாம், எழுதப் படிக்கத் தெரிய வேண்டாம். பத்தாண்டில் ஒரு கோடியே இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் போனார்கள்.

அந்த எண்ணைவிட எனக்குப் பிடித்தது அவர்கள் சம்பளம் போட்ட விதம். எத்தனை வீடு ஏறி இறங்கினாய் என்று பணியாளரைக் கேட்கவில்லை. சில வாரம் கழித்து வேறொருவர் போய், பத்தில் ஒரு வீட்டைப் பொறுக்கி, சொன்னதில் எவ்வளவு தாயின் நினைவில் நிற்கிறது, அவர் கலக்கிய கரைசல் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார். ஊதியம் அதைப் பொறுத்தே.

அப்படியும் இடித்தது. தாய்மார்கள் பாடத்தை ஒப்பித்தார்கள், கரைசலையும் பிசகாமல் செய்தார்கள். குழந்தைக்கு வயிற்றால் போனபோது அதைக் கொடுத்தவர்கள்தான் குறைவு. துருவிக் கேட்டதில் சொல்லிக்கொடுத்த பணியாளர்களுக்கே அதில் நம்பிக்கையில்லை என்று தெரிந்தது. தங்களுக்கு வந்தால் மாத்திரையைத் தேடினார்கள். வீட்டு ஆண்களிடமோ யாரும் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. பிறகு பணியாளர்களுக்குக் கரைசல் உடம்பில் எப்படி வேலை செய்கிறது என்பதைப் புரியவைத்தார்கள். சந்தையிலும் பள்ளிவாசலிலும் ஆண்களிடம் பேசினார்கள். அளவு கைமாறியதும் வேலை முடிந்தது என்று அவர்கள் எழுந்து போய்விடவில்லை.

மதுரையில் நின்றுகொண்டு அரவிந்த் கண் மருத்துவமனையைப் பற்றிப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதுபோல. ஆனாலும் விட மனமில்லை. அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின், முடக்குவாதத்தால் கோணிய விரல்களோடு, டாக்டர் வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளோடு தொடங்கியது அது. மெக்டொனால்ட்ஸ் உணவகத்தின் ஒழுங்கைக் கண் அறுவைக்குக் கொண்டுவந்த கதையை எல்லோரும் சொல்வார்கள். 1992-இல் ஆரோலேப் தொடங்கிக் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸின் விலையை இறக்கியதையும் சொல்வார்கள். நான் சொல்ல வந்தவை வேறு.

அரவிந்த் கிராமங்களில் போட்ட கண் முகாம்களில் பார்த்து, அறுவை வேண்டும், வாருங்கள் என்று எழுதிக்கொடுத்தும் பலர் வரவில்லை. பஸ் காசு, சாப்பாடு, கூட வர ஆள் என்று ஒவ்வொன்றும் தடை. வண்டி வைத்து, சாப்பாடு போட்டு, ஒரே ஊர்க்காரர்களைச் சேர்த்துக் கூட்டிவந்த பிறகுதான் வந்தார்கள். இலவசம் என்பது ஏழைக்கு எவ்வளவு செலவு வைக்கும் என்று அப்போது தெரிந்தது.

இன்னொன்று, 1990-களில் செய்த ஓர் ஆய்வு. முகாம் போட்ட கிராமங்களில் கண் குறை உள்ளவர்களில் எத்தனை பேர் முகாமுக்கு வந்தார்கள் என்று பார்த்தால், நூற்றுக்கு ஏழு பேர்கூட இல்லை. முகாம் கூட்டத்தைப் பார்த்து ஊரே மெச்சிக்கொண்டிருந்த காலம் அது. வராதவர்களை எண்ணிப் பார்க்க ஒரு தைரியம் வேண்டும். நமக்கு அது வருவதில்லை, நம் ஆண்டறிக்கையில் அதற்கு ஒரு கட்டமும் கிடையாது. ஊருக்குப் பக்கத்திலேயே நிரந்தரப் பார்வை மையங்கள் பிற்பாடு வந்ததற்கு அந்த எண்ணும் ஒரு காரணம்.

கட்டுரை வாசிக்கப்போகிறவர்களிடம் எனவே ஒரு வேண்டுகோள். எத்தனை மாவட்டம், எத்தனை பயனாளிகள் என்ற பட்டியல் அச்சிட்ட தாளில் இருக்கிறது, அதை நாங்களே படித்துக்கொள்கிறோம். உங்கள் கையைவிட்டு வேறு கைக்குப் போனபோது எது சிந்தியது, யார் வரவில்லை என்பதை இங்கே சொல்லுங்கள்.

முதல் அமர்வில் மூன்று கட்டுரைகள். ஆளுக்கு இருபது நிமிடம். மணி என்னிடம் இருக்கிறது. கண்ணளவில் அல்ல, கடிகாரத்தைப் பார்த்தே அடிப்பேன்.