கடுகு கிடைக்கும் வீடுகள்

கண்டி நகரிலிருந்து வடக்கே யாழ்ப்பாணம் நோக்கிச் செல்லும் பெருவீதியில், மாத்தளையைத் தாண்டிச் சிறிது தூரத்தில், பெரும் பாறைகளின் நடுவே அலுவிகாரை அமைந்திருக்கிறது. கி. மு. முதலாம் நூற்றாண்டில், வட்டகாமணி அபயன் என்னும் மன்னன் காலத்தில், அதுவரை வாய்மொழியாகவே வழங்கிவந்த பௌத்த மறைகள் இங்கேதான் முதன்முதலாக ஏட்டில் ஏறின என்று மரபு கூறும். நாட்டைப் பஞ்சமும் போரும் வாட்டிய காலம் அது. ஓதிவந்த துறவிகள் மாண்டால் மறையும் அவர்களோடு மாண்டுவிடும் என்னும் அச்சமே எழுத்தாணியை எடுக்கச் செய்தது. அம்மறைத் தொகுதியில் தேரீகாதை என்றொரு சிறு நூல் உண்டு. பிக்குணிகள் பாடியவை எனப்படும் பாடல்களின் தொகுப்பு அது. அப்பிக்குணிகளுட் சிலர், பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார்.

அவர்களுள் கிசா கௌதமியின் கதை யாவரும் அறிந்ததே. இறந்த மகனைச் சுமந்துகொண்டு மருந்து தேடி அலைந்தாள் அவள். சிறிது கடுகு கொண்டுவரும்படி புத்தர் பணித்தார். ஆனால் மகனோ மகளோ எவருமோ இறவாத வீட்டிலிருந்து அது வரவேண்டும் என்றார். கடுகு எல்லா வீட்டிலும் இருந்தது. சாவு காணாத வீடு ஒன்றேனும் இல்லை. நிலையாமையை உணர்த்தவென்றே இக்கதையைச் சொல்லுவது வழக்கம். அது பொருந்தும். ஆயினும், வீடு வீடாக ஏறி இறங்கிய அந்நேரமெல்லாம் அவள் செய்தது யாது? ஒவ்வொரு வாயிலிலும் நின்று தன் துயரைச் சொன்னாள்; அவ்வீட்டார் துயரைக் கேட்டாள். தத்துவம் பிறகுதான் வந்தது. அதற்கு முன்னரே துணை வந்துவிட்டது.

பட்டாசாரையின் கதை இதனினும் கொடியது. கணவனைப் பாம்பு தீண்டியது. ஒரு பிள்ளையைப் பருந்து கவர்ந்தது. மற்றதை ஆற்று வெள்ளம் கொண்டது. தாய்வீடு சேருமுன்னரே பெற்றோரும் வீடு இடிந்து மாண்டனர் என்ற செய்தி வந்தது. பித்தாகித் திரிந்தவள் தெளிந்து பிக்குணியானாள். பின்னாளில், பிள்ளையை இழந்த ஐந்நூறு பெண்கள் அவளிடம் வந்து ஆறுதல் பெற்றனர் என்பர். பழைய நூல்களில் ஐந்நூறு என்றால் பலர் என்று கொள்ளலாம். தலை எண்ணிப் பார்க்க வேண்டுவதில்லை. கவனிக்கத்தக்கது வேறு. அப்பெண்கள் தேடிச் சென்றது, பிள்ளையைத் தானும் பறிகொடுத்திருந்த ஒருத்தியை.

அக்காலத்தில் அத்தகையவளைத் தேட வெகுதூரம் போகவேண்டியிருந்திராது. அண்மைக் காலம் வரையுங்கூட நிலைமை அதுவே. இலங்கையில் 1946ஆம் ஆண்டில், உயிருடன் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஏறக்குறைய 140 குழந்தைகள் ஓராண்டு நிறையுமுன் இறந்தன. மலேரியாக் காய்ச்சல் சூறையாடிய 1935இல் அத்தொகை 260ஐயும் தாண்டியது. கண்டியைச் சூழ்ந்த மலைத்தோட்டங்களின் லயங்களிலோ, சாவுத்தொகை நெடுங்காலம் நாட்டின் சராசரிக்கு மேலேயே நின்றது. ஒரு காம்பராவில் ஒப்பாரி எழுந்தால், அடுத்த காம்பராவிலிருந்து வந்து கட்டியழுதவளும் பெரும்பாலும் ஒரு பிள்ளையைப் புதைத்தவளாகவே இருந்திருப்பாள்.

இன்று அத்தொகை பத்துக்கும் குறைவு. மருத்துவிச்சிமாரும், தடுப்பூசியும், மலேரியா ஒழிப்பும், பெண்கல்வியும் ஈட்டித் தந்த பெருஞ்செல்வம் இது. இதற்காக எவ்வளவு மகிழ்ந்தாலும் தகும். ஆனால், பேராதனையிலோ கட்டுகஸ்தோட்டையிலோ இன்று ஒரு கௌதமி கடுகு கேட்டுப் புறப்படுவாளாயின், பிள்ளைச்சாவு காணாத வீடுகள் வரிசையாக இருக்கும். மடி நிறையக் கடுகு கிடைக்கும். ஊருக்கு வாய்த்த நற்பேறு அவளுக்குத் தனிமையாகிவிடுகிறது.

சாவு வீட்டைத் தாங்குவதில் கண்டிப் பகுதி மக்கள் எவருக்கும் பின்னிற்பவரல்லர். சிங்களக் கிராமங்களில் மரணாதார சமிதி என்றொரு சங்கம் உண்டு. மாதந்தோறும் சிறு சந்தா. உறுப்பினர் வீட்டில் சாவு நேர்ந்தால் பணம் வரும். நாற்காலியும் பந்தலும் வரும். வீதியெங்கும் வெள்ளைக்கொடி ஏறும். இரவு விழித்திருக்க ஆட்களும் தேநீரும் வந்து சேரும். ஏழாம் நாள் தானம், மூன்றாம் மாதத் தானம் என்று ஊர் மீண்டும் கூடும். தமிழரிடையே துக்கம் விசாரித்தலும், எட்டும், முப்பத்தொன்றும் இருக்கின்றன.

ஆனால் இவையெல்லாம் வளர்ந்தோர் சாவை அளவுகோலாகக் கொண்டவை. பால்மணம் மாறாத குழந்தையைச் சைவர் பெரும்பாலும் எரிப்பதில்லை. மண்ணில் அடக்கம் செய்வர். சடங்குகளும் சுருங்கிவிடும். சடங்கு சுருங்கும்போது வருகையும் சுருங்குகிறது. “இன்னொன்று பிறக்கும்” என்று வந்தவர் சொல்லுகின்றனர். நல்ல நெஞ்சத்தோடுதான் சொல்லுகின்றனர். அந்தத் தாய்க்கு அதனினும் சுடும் சொல் வேறில்லை. தோட்டத்துப் பெண்ணாயின், மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகும் வழியில் பிள்ளைக் காம்பராவைக் கடந்தே செல்லவேண்டும். தந்தையின் நிலை இன்னும் ஊமை. காரியம் பார்க்கும் பொறுப்பு அவனுடையது. அவனை விசாரிப்பார் அரியர்.

இங்கிலாந்தின் கொவென்றி நகரத்து மருத்துவமனை ஒன்றில் 1968ஆம் ஆண்டில் இரு சிறுவர்கள் சில நாள் இடைவெளியில் இறந்தனர். அங்கே பணியாற்றிய சைமன் ஸ்டீபன்ஸ் என்னும் இளங்குருவானவர் அவ்விரு குடும்பங்களையும் ஒன்றுசேர்த்தார். தாம் கூறிய ஆறுதலினும், அப்பெற்றோர் ஒருவர்க்கொருவர் அளித்த ஆறுதல் பெரிதென்பதை உணர்ந்துகொண்டார். தம் தொழிலே ஆறுதல் கூறுவதாயிருந்தும் அதனை ஒப்புக்கொண்டாரே, அது சிறிய செயலன்று. அடுத்த ஆண்டில் அவர்களோடு சேர்ந்து அவர் தொடங்கிய ‘கம்பாஷனேட் பிரெண்ட்ஸ்’ என்னும் சங்கம் பின்னர்ப் பல நாடுகளுக்கும் பரவியது. அங்கே மருந்துமில்லை, உபதேசமுமில்லை. பிள்ளையை இழந்தவர் பிள்ளையை இழந்தவரோடு அமர்ந்து பேசுவர்.

கண்டியில் இதற்குப் புதிதாகக் கட்டடம் எழுப்ப வேண்டுவதில்லை. மரணாதார சமிதியின் பேரேட்டில், எந்த வீட்டில் எந்த ஆண்டு பிள்ளை இறந்தது என்பது ஏற்கெனவே பதிவாகியிருக்கும். தோட்டத்துக் கோயில் கமிட்டிக்கும் அது மனப்பாடம். ஏழாம் நாள் கழிந்து, வெள்ளைக்கொடிகளை அவிழ்த்து, நாற்காலிகளை வண்டியிலேற்றிய பின்னர், அப்பேரேட்டிலுள்ள ஒருத்தி அவ்வீட்டுக்குச் சென்றால் போதும்.

தேரீகாதையில் உப்பிரி என்று ஒருத்தி வருகிறாள். சுடுகாட்டில் நின்று, “ஜீவா, ஜீவா” என்று இறந்த மகளைப் பெயர்சொல்லி அழைக்கிறாள். பிள்ளை இறந்த வீட்டில் மற்றவரெல்லாம் உச்சரிக்கத் தயங்குவது அந்தப் பெயரைத்தான். தாய் கேட்க ஏங்குவதும் அதனையே. தேடிச் செல்லும் முதியவள், திண்ணையில் அமர்ந்து, வெற்றிலையை எடுத்து வைத்து, “பிள்ளைக்கு என்ன பெயர் வைத்திருந்தாய், அம்மா?” என்று கேட்கலாம்.