மனசு மாறட்டும் என்று காத்திருக்கலாமா?

நடுவர் அவர்களே! எதிரணியில் அமர்ந்து என்னையே முறைத்துப் பார்த்துக் கொண்டிருக்கும் நண்பர்களே! தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் குடும்பத்தோடு உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே! 

‘போரிட்ட அண்டை நாடுகள் மீண்டும் உறவாவது மனமாற்றத்தாலா, ஒப்பந்தத்தாலா?’ இதுதான் தலைப்பு. ஒப்பந்தத்தாலே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய அம்மையார் என்ன கேட்டாங்க? “மனசு ஒட்டாம காகிதத்துல கையெழுத்துப் போட்டு என்ன பிரயோஜனம்?” என்று கேட்டாங்க. கைதட்டலும் வாங்கிட்டாங்க. நான் திருப்பிக் கேட்கிறேன். நம்ம வீட்டுக் கல்யாணத்துல முதல்ல என்ன நடக்குது? நிச்சயதார்த்தத்துல லக்னப் பத்திரிகை எழுதுறோம். சபையில படிக்கிறோம். தட்டு மாத்துறோம். மனசு ஒட்டுறது எப்போ? சில வீடுகள்ல அறுபதாம் கல்யாணத்துக்கு அப்புறம்! (சிரிப்பு)

நடுவர் அவர்களே, வெறும் பேச்சு வேண்டாம். இரண்டு நாடுகளை எடுத்துக்கொள்வோம். பிரான்ஸ், ஜெர்மனி. பக்கத்துப் பக்கத்து நாடுகள். 1870-ல் ஒரு போர். 1914-ல் ஒரு போர். 1939-ல் ஒரு போர். எழுபது வருஷத்துக்குள் மூன்று போர்! 1916-ல் வெர்டன் என்ற ஒரே ஊரைச் சுற்றிப் பத்து மாதம் சண்டை. இரண்டு பக்கமும் சேர்த்துச் செத்தவர்கள் சுமார் 3 லட்சம் பேர். அங்கே ஒரு நினைவு மண்டபம் இருக்கிறது. அடையாளம் தெரியாத ஒரு லட்சத்து முப்பதாயிரம் வீரர்களின் எலும்புகளை அங்கே குவித்து வைத்திருக்கிறார்கள். எது பிரெஞ்சு எலும்பு, எது ஜெர்மன் எலும்பு? யாருக்கும் தெரியாது. எலும்புக்குத் தேசம் இல்லை, ஐயா!

பகை எவ்வளவு ஆழம் என்று பாருங்கள். 1918-ல் தோற்ற ஜெர்மனி, பிரான்சில் ஒரு காட்டுக்குள் நின்ற ரயில் பெட்டியில் உட்கார்ந்து போர்நிறுத்தத்துக்குக் கையெழுத்துப் போட்டது. 1940-ல் பிரான்ஸ் தோற்றது. ஹிட்லர் என்ன செய்தான்? காட்சிசாலையில் இருந்த அதே ரயில் பெட்டியை வெளியே இழுத்து வந்து, அதே இடத்தில் நிறுத்தி, பிரான்சைக் கையெழுத்துப் போட வைத்தான். நம்ம ஊர்ப் பங்காளிகள்கூட இவ்வளவு தூரம் வஞ்சம் வைக்க மாட்டார்கள்!

இங்கேதான் எதிரணி நண்பர் ஒரு கொக்கி போட்டார். “1919-ல் வெர்சேல்ஸ் ஒப்பந்தம் போட்டார்களே, அது என்ன ஆச்சு? இருபது வருஷத்தில் மறுபடியும் போர் வந்ததே?” என்றார். நல்ல கேள்வி. பதிலைக் கேளுங்கள். அந்த ஒப்பந்தம் எழுதப்பட்டபோது, பேசிய மேசையில் ஜெர்மனிக்கு நாற்காலியே இல்லை. வென்றவர்கள் தங்களுக்குள் பேசி முடித்துவிட்டு, “இந்தா, கையெழுத்துப் போடு” என்று நீட்டினார்கள். அது பேச்சுவார்த்தையா? அது தீர்ப்பு! பஞ்சாயத்தில் ஒரு தரப்பைத் திண்ணைக்குக் கீழே நிற்க வைத்துவிட்டு எழுதியதற்குப் பெயர் சமாதானமா? எதிரெதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து இரண்டு பேரும் பேசி எழுதுவதைத்தான் நான் ஒப்பந்தம் என்கிறேன்.

அப்படி ஒரு நாற்காலி 1950-ல் போடப்பட்டது. போட்டவர் பிரான்சின் வெளியுறவு அமைச்சர் ராபர்ட் ஷூமான். இந்த மனிதரின் வாழ்க்கையே இரண்டு நாட்டுக்கும் நடுவில் கிழிந்த வாழ்க்கை. அப்பா லொரெயின் பகுதிக்காரர். 1871-ல் அந்தப் பகுதியை ஜெர்மனி பிடுங்கிக்கொண்டது. அதனால் ஷூமான் பிறக்கும்போதே ஜெர்மன் குடிமகன். முதல் உலகப் போர் முடிந்ததும் அந்த மண் பிரான்சுக்குத் திரும்பியது. இவரும் பிரெஞ்சுக்காரர் ஆனார். இரண்டாவது போரில் ஹிட்லரின் ரகசியப் போலீஸ் இவரைப் பிடித்து அடைத்தது. 1942-ல் தப்பி ஓடினார். கோபப்பட இவரைவிட உரிமை உள்ளவர் யார்?

போர் முடிந்து ஐந்து வருஷமும் ஒரு நாளும் ஆகியிருந்தது. 1950 மே 9. பிரான்சில் மக்கள் மனம் மாறிவிட்டதா? மகனைப் பறிகொடுத்த தாயின் மனசு ஐந்து வருஷத்தில் மாறுமா, சொல்லுங்கள்! ஆனால் ஷூமான் காத்திருக்கவில்லை. மேற்கு ஜெர்மனியின் தலைவர் அடினாவருக்கு ரகசியமாகக் கடிதம் கொடுத்து அனுப்பினார். அவர் சம்மதம் வந்ததும் உலகத்துக்கு அறிவித்தார். “எங்கள் நிலக்கரியையும் எஃகையும் உங்கள் நிலக்கரியோடும் எஃகோடும் சேர்த்து, பொதுவான ஓர் அமைப்பின் கையில் கொடுத்துவிடலாம்” என்பதுதான் சாரம்.

ஏன் நிலக்கரி, ஏன் எஃகு? பீரங்கி எதில் செய்வது? எஃகில். எஃகை உருக்க என்ன வேண்டும்? நிலக்கரி. இரண்டும் பொதுக் கணக்கில் போய்விட்டால், ஒருவருக்குத் தெரியாமல் இன்னொருவர் பீரங்கி வார்க்க முடியுமா? நினைத்தாலும் முடியாதபடி கட்டிப் போட்டார்கள், ஐயா! (கைதட்டல்)

நம்ம ஊரில் பங்காளிக் கிணறு பார்த்திருப்பீர்கள். அண்ணன் தம்பிக்குப் பேச்சு கிடையாது. ஒரு வீட்டுக் கல்யாணத்துக்கு இன்னொரு வீடு போகாது. ஆனால் கிணறு ஒன்று. இன்னைக்கு அண்ணன் முறை, நாளைக்குத் தம்பி முறை. மோட்டார் காயில் எரிஞ்சு போச்சுன்னா இரண்டு பேரும் வந்து நிற்கணும். தூர் வாரணும்னா இரண்டு பேரும் பணம் போடணும். “என்னப்பா, எவ்வளவு ஆகும்?” என்று ஒரு வார்த்தை வந்துதானே தீரணும்! அன்பு வந்து பேசவில்லை. தண்ணீர் வேணும் என்று பேசினார்கள். பேசப் பேச, ஒரு நாள் “உன் பொண்ணுக்கு வரன் அமைஞ்சுதா?” என்ற கேள்வியும் வந்துவிடும்.

1951-ல் பாரிசில் ஆறு நாடுகள் அந்த உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. அதற்குப் பிறகு சண்டையே வரவில்லையா? வந்தது. இரண்டு நாட்டுக்கும் நடுவில் சார் என்ற நிலக்கரிப் பகுதி. போருக்குப் பிறகு அது பிரான்சின் பிடியில் இருந்தது. பழைய காலமாக இருந்தால் இந்த ஒரு துண்டு நிலத்துக்கே நாலாவது போர் வந்திருக்கும். இப்போது என்ன செய்தார்கள்? பேசி, 1955-ல் அந்த மக்களிடமே வாக்கு கேட்டார்கள். பிரான்ஸ் ஒப்புக்கொண்டிருந்த திட்டத்தை மூன்றில் இரண்டு பங்கு மக்கள் வேண்டாம் என்றார்கள். பிரான்ஸ் துப்பாக்கியைத் தூக்கவில்லை. மறுபடி மேசைக்கு வந்தது. பிரான்ஸ் கேட்டபடி மோசல் ஆற்றைப் பெரிய கப்பல் போகிற மாதிரி ஆழப்படுத்த ஜெர்மனி இசைந்தது. 1957 ஜனவரி 1-ல் சார் ஜெர்மனியோடு சேர்ந்தது. ஒரு குண்டு வெடிக்கவில்லை. ஒரு தாய் அழவில்லை!

அடுத்து 1963 ஜனவரி 22. பாரிசில் எலிசே மாளிகை. பிரான்சின் டி கால், ஜெர்மனியின் அடினாவர். முதல் உலகப் போரில் வெர்டனில் ஜெர்மானியர்களிடம் பிடிபட்டுச் சிறையில் கிடந்தவர் இந்த டி கால். இருவரும் கையெழுத்திட்ட உடன்படிக்கையில் பெரிய தத்துவம் எதுவும் இல்லை. நாட்டுத் தலைவர்கள் வருஷத்துக்குக் குறைந்தது இரண்டு முறை சந்திக்க வேண்டும். வெளியுறவு அமைச்சர்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை சந்திக்க வேண்டும். நாள் குறித்து வைத்துப் பேசுவது! கோபமாக இருந்தாலும் போக வேண்டும். அதே வருஷம் ஜெர்மன் நாடாளுமன்றம் அதில் ஒரு முன்னுரையைச் சேர்க்க, டி காலுக்கு ஏகப்பட்ட வருத்தம். ஆனாலும் சந்திப்பு நிற்கவில்லை.

“வெர்டனில் கோலும் மித்தரானும் கைகோத்து நின்றார்களே, அது மனமாற்றம் இல்லையா?” என்று அம்மையார் உருகினார். எனக்கும் கண் கலங்கத்தான் செய்யும். ஆனால் அம்மா, அது எந்த வருஷம்? 1984! ஒப்பந்தம் போட்டு 21 வருஷம் கழித்து. வருஷத்துக்கு இரண்டு முறை என்று கணக்குப் போடுங்கள். நாற்பது தடவைக்கு மேல் தலைவர்கள் சந்தித்த பிறகு கோத்த கை அது! (கைதட்டல்)

வள்ளுவர் அன்புடைமையை எங்கே வைத்தார்? அறத்துப்பாலில். தூது என்ற அதிகாரத்தை எங்கே வைத்தார்? பொருட்பாலில். தூதுவனுக்கு அன்பு வேண்டும் என்று சொன்னவர்தான் அவரும். ஆனால் அதோடு நிறுத்தினாரா? அறிவும், ஆராய்ந்து பேசும் திறமும் சேர வேண்டும் என்றார். அன்பு ஒன்றை மட்டும் நம்பி நாட்டு எல்லையை அவர் விட்டுவிடவில்லை.

எதிரணியில் ஓர் உண்மை இருக்கிறது. அதை மறைக்க மாட்டேன். 1950-லேயே இரண்டு நாட்டு ஊர்கள் சில, தங்களுக்குள் சகோதர ஊர்கள் என்று உறவு கொண்டாடத் தொடங்கின. சாதாரண மக்கள் செய்த நல்ல காரியம் அது. ஆனால் நாலு ஊரின் நல்ல மனசு, லட்சக்கணக்கான பிள்ளைகளுக்குப் போய்ச் சேர வேண்டுமானால் பணம் வேண்டும், சட்டம் வேண்டும், அலுவலகம் வேண்டும். 1963 ஒப்பந்தத்தில் பிறந்ததுதான் இரு நாட்டு இளைஞர் அலுவலகம். இதுவரை 90 லட்சத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் அதன் மூலம் பழகியிருக்கிறார்கள்.

தாய்மார்களே, இந்த ஒரு கணக்கை மட்டும் கேளுங்கள். 1919-ல், வெர்சேல்ஸ் ஆண்டில், ஒரு பிள்ளை பிறக்கிறான். “அவர்கள் மனசு மாறட்டும், அப்புறம் பார்க்கலாம்” என்று இரண்டு நாடும் முகத்தைத் திருப்பிக்கொள்கின்றன. 1939-ல் அவனுக்கு இருபது வயசு. கையில் துப்பாக்கி கொடுத்து அனுப்புகிறார்கள். 1945-ல் இன்னொரு பிள்ளை பிறக்கிறான். 1963-ல் அவனுக்குப் பதினெட்டு வயசு. பக்கத்து நாட்டில் போய்ப் பழகி வா என்று ரயில் சீட்டு கொடுத்து அனுப்புகிறார்கள். இரண்டு பேரும் தாய் பெற்ற பிள்ளைகள்தானே! முதல் பிள்ளைக்கும் இரண்டாவது பிள்ளைக்கும் நடுவில் இருந்தது என்ன? ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு கையெழுத்து!

மனசு மெதுவாகத்தான் மாறும், நடுவர் அவர்களே. பிள்ளைகள் வேகமாக வளர்ந்து விடுகிறார்கள். அதனால்தான் காத்திருக்கக் கூடாது என்கிறேன்.

2022 அக்டோபரில் இந்த இரு நாட்டு அமைச்சர்களின் கூட்டுக் கூட்டம் ஒன்று தள்ளிப்போனது. உடனே பத்திரிகைகளில் பெரிய செய்தி. 2023 ஜனவரியில் கூடிவிட்டார்கள். கவனியுங்கள்! ஒரு காலத்தில் இந்த இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்தால் செய்தி. இப்போது உட்காராமல் போனால்தான் செய்தி! (பலத்த கைதட்டல்)

ஆகவே, அண்டை நாடுகளின் உறவைக் கட்டுவது ஒப்பந்தமே என்று நல்ல தீர்ப்பு வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.